ஏழு வெள்ளிக்கிழமை

கட்டைவிரலை இடப்பக்கம் சாய்த்து, கொஞ்சம் மேலே தூக்கி அழுத்தினால் பச்சை. ஒரு நூல் தளர்ந்தாலும் விளக்கே இல்லை. திரும்ப அழுத்தினால் முதலில் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, ஒன்றரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் மறுபடி பச்சை. அந்த ஒன்றரை நிமிஷம் இன்றைக்கு என்னிடம் இல்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில், ஏழாவது படியில், ஒரு கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் பிளக் பாயின்ட்டில் செருகியிருக்கிற இந்த வெள்ளை டப்பாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். கீழே ஹாலில் இருக்கிற மோடத்திலிருந்து வைஃபையை வாங்கி மாடி அறைக்குத் தள்ளிவிடுவதுதான் இதன் உத்தியோகம். மங்கை இதை எக்ஸ்டெண்டர் என்பாள். என் மனைவி வடிவு வெள்ளை டப்பா என்பாள். இன்னும் நாலு படி ஏறினால் மங்கையின் அறைக் கதவு. சும்மா சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போடுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. உள்ளே லேப்டாப்புக்கு முன்னால் என் மகள் மங்கையர்க்கரசி, இருபத்தொன்பது வயது, ஹைதராபாத் கம்பெனிக்காரர்கள் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடைசிச் சுற்று. போன மாதம் வேறொரு கம்பெனியில் இப்படித்தான் பாதியில் கனெக்‌ஷன் போய், திரும்பி வருவதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. கீழே இறங்கி வந்து, "இந்த வீட்டுல எதுவும் முழுசா நடக்காதுப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். மணி இப்போது மூன்று ஏழு. முக்கால் மணி நேரமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறாள். பச்சை.

காலை எட்டு மணியிலிருந்து இதோடு மல்லுக்கட்டு. வைஃபை கொடுக்கிற கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண், தேன் தடவிய குரல், "என்ன கலர் லைட் எரியுது சார்?" என்றாள். "எல்லாக் கலரும் மாத்தி மாத்தி எரியுதும்மா, சீரியல் செட்டு மாதிரி" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னாள். செய்தேன். கூரான குச்சியை ஓட்டையில் விட்டுப் பத்து விநாடி அழுத்தச் சொன்னாள். வடிவின் தாலிக்கொடியில் எப்போதும் நாலு ஊக்கு தொங்கும், அதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள், அதையும் விட்டு அழுத்தினேன். டப்பா செத்துப் பிழைத்தது, இருபது நிமிஷம் நன்றாக இருந்தது, மறுபடி போய்விட்டது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டால், "இன்னைக்கு முகூர்த்தம் சார், நாலு மண்டபத்துல லைட்டிங், ஆறு மணிக்கு மேல வர்றேன்" என்றான். நாலு மண்டபத்தில் ஒன்று எங்கள் வீட்டை ஒட்டித்தான் நிற்கிறது. மூன்று மாடி. அது எழும்பிய நாள் முதல் எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் ஒரு கோடு, அதுவும் இஷ்டப்பட்டால். மொட்டை மாடிக்குப் போனால் கிடைக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அங்கே நின்று இன்டர்வியூ கொடுக்க முடியுமா? ஹாலிலேயே மோடத்துக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்றால் மண்டபத்தில் சாயங்கால ரிசப்ஷனுக்குப் பாட்டுக்கச்சேரிக்காரன் இப்போதே மைக்கைத் தட்டித் தட்டி, "ஹலோ, பின்னாடி கேக்குதா, பின்னாடி கேக்குதா" என்கிறான். மங்கையின் அறை பின்பக்கம், அங்கே சத்தம் அவ்வளவாக வராது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இருக்கிறது, அதன் ஒயர் ஒன்றரை மீட்டர், கீழிருந்து ஏழு படிக்கு எட்டுமா? ஆக, இந்த பாயின்ட்தான் கதி. இரண்டே முக்காலுக்கு, எரிச்சலில் டப்பாவை ஓர் அழுத்து அழுத்தியபோதுதான் இந்தச் சூட்சுமம் பிடிபட்டது, பிடித்துக்கொண்டே இருந்தால் நிற்கிறது என்று. "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். "முக்கால் மணி நேரமாப்பா? கை என்னத்துக்கு ஆகும்?" என்றாள். "ரிட்டயர்டு ஆளு, கைக்கு வேற என்ன வேலை" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். இந்த வீட்டில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை.

பிடிபட்டது என்றேனே, பொய். இந்த பாயின்ட்டின் நாடி நரம்பெல்லாம் எனக்குத்தான் தெரியும். எவ்வளவு இழுத்தால் விளக்கு போகும், எவ்வளவு இழுத்தாலும் வெளியே பார்ப்பவர்களுக்குச் செருகியிருக்கிற மாதிரியே தெரியும், எல்லாம் தெரியும். ஒரு நெல் கனம். அவ்வளவுதான் இழுக்க வேண்டும். சுவிட்சை அணைக்க முடியாது. இந்த போர்டில் சுவிட்ச் எப்போதோ போய், டைரக்டாகக் கொடுத்து வைத்திருக்கிறது. முழுசாகப் பிடுங்கினால் தெரிந்துவிடும். நெல் கனம் இழுத்துவிட்டு ஹாலுக்குப் போய்ப் பேப்பரைப் பிரித்து உட்கார்ந்துகொண்டால், அவள் இறங்கி வருவாள், டப்பாவை ஒரு தட்டுத் தட்டுவாள், விளக்கு வரும், ஒன்றரை நிமிஷம் நின்று பார்த்துவிட்டு மேலே ஓடுவாள். பத்து நிமிஷம் கழித்து நான் மறுபடி தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகிற சாக்கில் மாடி ஏறுவேன். தொட்டி நிரம்பியிருக்கும். அது நிரம்பியிருக்கிறது என்று போகும்போதே எனக்குத் தெரியும். ஐயோ, என்ன ஒரு நடிப்பு. அலுவலகத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

அலுவலகத்தில் என்ன வாழ்ந்தது. முப்பத்து மூன்று வருஷம் கட்டட வரைபட அனுமதிப் பிரிவு. ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் எந்த மனுவையும் நிராகரித்ததும் இல்லை. இல்லை என்று சொன்னால் ஆள் சண்டைக்கு வருவான், மேலதிகாரியிடம் போவான், வக்கீலைப் பிடிப்பான். குறிப்பு போட்டால் கும்பிட்டுவிட்டுப் போவான். வரைபடத்தில் வடக்குத் திசைக் குறி இல்லை, சரிசெய்து மீளச் சமர்ப்பிக்கவும். கொண்டுவந்தால், மழைநீர்த் தொட்டி காட்டப்படவில்லை. அதையும் கொண்டுவந்தால், பக்கத்து மனையின் சர்வே எண் தெளிவாக இல்லை. எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொல்லிவிடக் கூடாது, அதுதான் தொழில் ரகசியம். சொன்னால் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வந்து நின்றுவிடுவான். ஒவ்வொன்றாகப் போட்டால் நாலாவது குறிப்பில் முக்கால்வாசிப் பேர் அலுத்துப்போய்விடுவார்கள். "தியாகேசன் சார் கிட்டப் போன ஃபைலு கெணத்துல போட்ட கல்லு" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. மனிதர்களை முகத்துக்கு நேரே மறுக்காமல் சலித்துப் போக வைக்கிற வித்தை எல்லோருக்கும் வந்துவிடாது. ஒரு கிழவர், பேர் மறந்துவிட்டது, ஏழு தடவை வந்தார். ஏழாவது தடவை ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டு, "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்கய்யா, வயசாயிருச்சு" என்றார். நான் அவருக்கு மோர் வாங்கிக் கொடுத்தேன். குறிப்பும் போட்டேன்.

பச்சை. கை மரத்துப் போகிறது. தோள்பட்டையில் பழைய பிடிப்பு ஒன்று விழித்துக்கொள்கிறது. மேலே மங்கையின் குரல், இங்கிலீஷில், நிதானமாக, ஏதோ ஒரு புராஜெக்டை விளக்குகிறாள். இந்தக் குரலை இந்தப் படியிலிருந்து இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன், ஆனால் அப்போது அது வேறு குரல், தாழ்ந்து, சிரிப்பு கலந்து. இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. லியோ அப்போதுதான் கூப்பிடுவான். அந்த ஊரில் வாட்ஸாப்பில் பேச விடமாட்டார்களாம், வேறு ஏதோ ஓர் ஆப், அதற்கு நெட் நன்றாக இருக்க வேண்டும். பையன் நம் ஊர்தான், பாலக்கரை, மங்கையோடு காலேஜில் படித்தவன், ஏசி கம்பெனி ஒன்றில் என்ஜினீயர். அவள் வடிவிடம் சொல்லி, வடிவு என்னிடம் சொன்னாள். "கிறிஸ்டியன் பையனாங்க. நல்ல பையனாத்தான் தெரியுது. நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றாள். "பாப்போம்" என்றேன். என் வாயிலிருந்து பாப்போம் என்று வந்தால் என்ன அர்த்தம் என்று முப்பத்து மூன்று வருஷம் என் பிரிவுக்கு வந்து போன அத்தனை பேருக்கும் தெரியும். கட்டிய மனைவிக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. "அப்பா வேண்டாம்னு சொல்லலைம்மா" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னதை அடுக்களைக்கு வெளியே நின்று கேட்டேன். நான் மதம் பார்க்கிறவன் இல்லை என்று நாலு பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன், அதனால் மதத்தைக் காரணமாகச் சொல்ல வாய் வரவில்லை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் இருந்தது, அது நிஜம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவள் மஸ்கட்டுக்குப் போய்விடுவாள், நானும் வடிவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இந்த மண்டபத்து நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்போம். ஒரே பெண். இதைச் சொல்லியிருக்கலாம். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்று சொல்லியிருந்தால் அவள் ஏதாவது வழி சொல்லியிருப்பாள். அதற்குத் தனியாக ஒரு தைரியம் வேண்டும், என்னிடம் நெல் கனம் இழுக்கிற தைரியம்தான் இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை தற்செயல்தான், சத்தியமாகத் தற்செயல். ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன், குச்சி பட்டு டப்பா லேசாக நகர்ந்தது, மேலே பேச்சு சட்டென்று நின்று, "ஹலோ? ஹலோ?" என்றாள். அழுத்திவிட்டேன். அவள் வெளியே வந்து எட்டிப் பார்த்து, "கட் ஆயிருச்சுப்பா" என்றாள். "அப்படியா" என்றேன். அந்த அப்படியாவில்தான் சனி பிடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை குச்சி இல்லாமலே கை போயிற்று. அதற்கடுத்த வாரம் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து செய்தேன். சும்மா சிரித்துப் பேசினால் விட்டுவிடுவேன். குரல் தாழ்ந்து, வீட்டில், தேதி, அம்மா, லீவு என்று வார்த்தைகள் விழ ஆரம்பித்தால் இழுப்பேன். பாவம், அவள் புது டப்பா ஒன்று வரவழைத்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து என் கையில் கொடுத்து, "நீங்களே மாட்டுங்கப்பா, உங்க கை ராசியாவது வேலை செய்யட்டும்" என்றாள். மாட்டினேன். அதுவும் அறுந்தது. அப்போது ஒரு விளக்கம் சொன்னேன் பாருங்கள். "நம்ம வீட்டுச் சுவர்ல கம்பி ஜாஸ்திம்மா, அந்தக் காலத்துக் கட்டுமானம், மேல தண்ணித் தொட்டி வேற, அலை எப்படிப் போகும்?" கட்டடத்திலேயே ஆயுசைக் கழித்தவன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அன்றைக்கே அவள் அவனிடம் மேலே சொல்லிக்கொண்டிருந்தாள், "எங்கப்பாவே சொல்றாரு லியோ, அவருக்குத் தெரியும், பில்டிங் லைன்ல இருந்தவரு." அவ்வளவு நம்பிக்கையோடு. நான் இந்தப் படியில்தான் நின்றிருந்தேன். அப்போதாவது கை கூசியிருக்க வேண்டாமா?

"காப்பி." வடிவு. கீழிருந்து இரண்டு படி ஏறி நிற்கிறாள், டம்ளரும் கையுமாக. எப்படி வாங்குவது? ஊன்றிய கையை எடுத்தால் உடம்பு சாய்கிறது, உடம்பு சாய்ந்தால் விரல் தளர்கிறது. வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். அவள் இன்னும் ஐந்து படி ஏறி வந்து, டம்ளரை என் வாயருகில் பிடிக்கிறாள். இரண்டு வாய் குடிக்கிறேன். குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி. நாற்பத்து மூன்று மாதம் ஆயிற்று நான் ரிட்டயர் ஆகி, இவள் எனக்கு இப்படி ஊட்டுவாள் என்று யார் நினைத்தது. "என்னைக்கோ இந்த போர்டை மாத்தியிருக்கலாம்" என்கிறாள், மெதுவாக, மேலே கேட்காத குரலில். "ரெண்டு வருஷமாச் சொல்றேன்" என்கிறாள். ஆமாம், சொல்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை, நாலாவதா ஐந்தாவதா தெரியவில்லை, காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தவள், என் கை டப்பாவின் மேல் இருந்ததைப் பார்த்தாள். நின்றாள். நான், "சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்றேன். துணியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். என்ன பார்த்தாள், எவ்வளவு புரிந்துகொண்டாள், இன்று வரை நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. இப்போது டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். படியில் அவள் முதுகைப் பார்த்தால் எதையும் படிக்க முடியவில்லை.

போர்டை ஏன் மாற்றவில்லை என்றால் அதற்கும் காரணம் நான்தான். அந்த விவகாரம் முடிந்த பிறகு டப்பாவை நன்றாக அழுத்தி வைத்துவிட்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் நான் விட்டாலும் அது விடவில்லை. நாலைந்து மாதத்தில் தானாகவே அறுபட ஆரம்பித்தது. அரைகுறையாகச் செருகி வைத்தால் உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும், பித்தளை கருகி அகன்றுபோகும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டால் போர்டைத் திறந்து பார்த்து, "யாரோ இதை இழுத்து இழுத்து விட்டிருக்காங்களே சார்" என்று ஹாலில் நின்று உரக்கச் சொல்லிவிடுவான் என்று பயம். அதனால் தள்ளிப்போட்டேன். மழை முடியட்டும், பொங்கல் கழியட்டும், பெயின்ட் அடிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு நானே குறிப்பு போட்டுக்கொண்டேன். போன மாதம் அந்த இன்டர்வியூ போனதே, அதுவும் என் கணக்கில்தான் வருகிறது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள், நான் விதைத்ததை அவளல்லவா அறுத்துக்கொண்டிருக்கிறாள்.

பட்டென்று ஒரு சத்தம். மண்டபத்து வாசலில் யாரோ வெடி வைக்கிறான், மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே. உடம்பு தூக்கிவாரிப் போட்டது, விரல் வழுக்கியது, விளக்கு ஒரு கண் சிமிட்டியது. ஐயோ. அழுத்தினேன், நகம் வெளுக்க அழுத்தினேன். பச்சை. அணையவில்லை, சிமிட்டியதோடு சரி. ஆனால் மேலே பேச்சு நின்றுவிட்டது. ஒரு விநாடி. இரண்டு. "ஹலோ... ஆம் ஐ ஆடிபிள்?" அவள் குரலில் அந்தப் பதற்றம். அந்தப் பதற்றத்தை எனக்குத் தெரியும். பட்டுப்புடவை, தலையில் பூ. ஏழாவது வெள்ளிக்கிழமை. லியோ அவனுடைய அம்மாவையும் பாலக்கரையிலிருந்து அதே லைனில் சேர்த்திருந்தான். அந்தம்மா முதல் தடவையாக மங்கையோடு பேசப் போகிறார்கள். காலையிலிருந்து வீடே ஒரு தினுசாக இருந்தது. "பொட்டு வச்சுக்கட்டுமாம்மா, வேணாமா? அவங்க வீட்டுல வைக்க மாட்டாங்க" என்று மங்கை கேட்டாள். "நீ எப்பவும் போல இரு, அவங்களும் எப்பவும் போல இருக்கட்டும்" என்றாள் வடிவு. சின்னதாக ஒன்று வைத்துக்கொண்டு மேலே போனாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்தும் ஏறவில்லை. தண்ணீர்த் தொட்டி. படியேறினேன். "அம்மா, வணக்கம்மா" என்று கேட்டது. பிறகு அவள் ஏதோ சொல்லி வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு, எப்படிச் சொல்வது, யாரோ என் வீட்டுக்குள் வந்து அவளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. இழுத்தேன். "அம்மா? கேக்குதாம்மா? அம்மா, கேக்குதா?" ஓடி வந்தாள், தட்டினாள், ஓடினாள். மறுபடி இழுத்தேன். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் பூ இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தது. ஐந்தாவது தடவை அவள் ஓடி வந்தபோது நான் இங்கேயே நின்றிருந்தேன், டப்பாவையே பார்த்துக்கொண்டு, அக்கறையாக. "என்னாச்சுப்பா இதுக்கு?" என்று என்னைக் கேட்டாள். கண்ணில் தண்ணீர். "கம்பி ஜாஸ்திம்மா" என்றேன். சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன்.

"எஸ், எஸ், தேங்க் யூ" என்கிறாள் மேலே. கேட்கிறதாம் அவர்களுக்கு. பேச்சு தொடர்கிறது. மூச்சு விடுகிறேன். டப்பா சுடுகிறது, லேசாகக் கருகல் வாடை அடிக்கிற மாதிரி ஒரு பிரமை, பிரமையாக இல்லாமலும் இருக்கலாம். ஷாக் அடித்தால் அடிக்கட்டும். அன்றைக்கு அவள் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் வெயிலில் நின்று அந்தம்மாவுக்குப் போன் செய்தாள், அவர்கள் எடுக்கவில்லை. லியோ எடுத்தான். அவள் அதை அப்புறம் வடிவிடம் சொல்லி நான் கேட்டேன். "சம்மதமில்லேன்னா வாயால சொல்லலாமே, எதுக்கு அந்தப் பொண்ணு கட் பண்ணிக் கட் பண்ணி வெளையாடுது" என்றார்களாம் அவன் அம்மா. முதல் பேச்சே அறுந்தால் சகுனம் சரியில்லை என்றும் சொன்னார்களாம். சகுனத்துக்கு மட்டும் மத வித்தியாசம் கிடையாது. அவனும் சொல்லியிருக்கிறான், "ஏழு வாரமா, கரெக்டா கல்யாணப் பேச்சு வரும்போதுதான் உன் லைன் போகுது மங்கை. சும்மா பேசினா ஒண்ணும் ஆகறதில்ல." என்ஜினீயர் அல்லவா, பழுதைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான், இடத்தைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டான். அவன் வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொண்டான். பேச்சு வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாகி, பிறகு பண்டிகைக்கு ஒன்றாகி நின்றது. போன ஜனவரியில், மங்கை புளியை ஊறப்போட்டுக்கொண்டே வடிவிடம், "லியோவுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா" என்றாள். அவளுக்காக என்னிடம் வந்திருந்த ஒன்பது ஜாதகத்தையும் எடுத்துக் காட்டினேன். "பாப்போம்ப்பா" என்றாள். என் வார்த்தை. அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இந்த வேலை கிடைத்தால் ஹைதராபாத் போய்விடுவாள். அதைப் பிடித்து நிறுத்தத்தான் அன்றைக்கு இழுத்தேன், அனுப்பிவைக்கத்தான் இன்றைக்கு அழுத்திக்கொண்டிருக்கிறேன். கிடைக்கட்டும் சாமி, கிடைக்கட்டும். போகட்டும்.

கதவு திறந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஹெட்போன் கழுத்தில் தொங்க, கீழே பைஜாமாவும் மேலே இஸ்திரி போட்ட சட்டையுமாக மங்கை படியிறங்கி வந்து, எனக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. "முடிஞ்சுதுப்பா. ஒரு தடவைகூடக் கட் ஆகலை. திங்கட்கிழமை சொல்றாங்களாம், ஆனா அந்த லேடி கடைசியில, எப்ப ஜாயின் பண்ண முடியும்னு கேட்டாங்க." நான் தலையை ஆட்டினேன். "கையை எடுங்க, முடிஞ்சிருச்சு" என்றாள். எடுக்கவில்லை, எடுக்க வரவில்லை. அவள் குனிந்து என் கட்டைவிரலைப் பார்த்தாள். "ஐயோ, எப்படி வெளுத்துப் போச்சு பாருங்க." பிறகு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரொம்ப நாள் கழித்து என்னோடு சாவகாசமாகப் பேசுகிறவளாக, "லியோ அம்மா பேசின அன்னைக்கும் நீங்க இதே எடத்துலதான் நின்னீங்க, ஞாபகம் இருக்கா? பாவம், இதையே பாத்துக்கிட்டு நின்னீங்க. இப்படிப் பிடிச்சா நிக்கும்னு அன்னைக்குத் தெரியாமப் போச்சு நமக்கு" என்றாள்.

நமக்கு என்றாள். என்னையும் சேர்த்துக்கொண்டாள். நாக்கு நுனியில் கம்பி ஜாஸ்தி தயாராக நின்றது. பேசாமல் இருந்தால்கூடப் போதும், ஒரு தலையாட்டலில் ஃபைல் மூடிவிடும், அவள் திங்கட்கிழமை வரை சந்தோஷமாக இருப்பாள். ஏழு தடவை வந்த அந்தக் கிழவர் என்ன காரணத்தாலோ ஞாபகத்துக்கு வந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"அப்பவே தெரியும்மா. நான்தான் இழுத்து விட்டேன். கொஞ்சமா, வெளிய தெரியாத மாதிரி. ஏழு வெள்ளிக்கிழமை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மண்டபத்தில் மைக்குக்காரன் ஓய்ந்திருந்தான்.

"அந்தம்மா பேசின அன்னைக்குமா?"

"அன்னைக்கு அஞ்சு தடவை."

கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுற்றினாள். "நான் கட் பண்றேன்னு நெனைச்சாங்கப்பா" என்றாள். "அவனும் அப்படித்தான் நெனைச்சான். இல்லவே இல்லைன்னு அழுது அழுது சொன்னேன். எங்கப்பாவைக் கேளு, அவர் பக்கத்துலயே நின்னு பாத்தாருன்னு சொன்னேன்."

எழுந்தாள். நாலு படியும் ஏறினாள். கதவை எப்போதும் போல மெதுவாகத்தான் சாத்தினாள். அதன் பிறகு தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா? இனிமே கையை எடுக்கலாம்ல?" என்று வடிவு கீழேயிருந்து கேட்டாள். நான் கையை எடுக்கவில்லை. விளக்கு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.